சுவரில் இருந்த பூக்காரி

காலை ஆறரைக்கு ராஜபாளையத்தில் அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். சங்கரன்கோவிலுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். 1978, ஆனி மாதம். சிவகிரிப் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை வேலைக்குச் சேரச் சொல்லும் உத்தரவு என் பையில் இருந்தது. என் இடது கன்னத்திலும் உதட்டோரத்திலும் வெள்ளைத் திட்டுகள். அதற்கு ஊரார் வைத்திருக்கும் பெயரை எழுத எனக்குப் பிடிக்காது. முதலில் குணமாகட்டும், வேலை பிறகு என்பது அம்மாவின் கட்சி. பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற பயத்தில் நானும் பாதி அந்தக் கட்சிதான்.

"புள்ளைக்கு என்னம்மா, முந்தானைய வச்சுக் கன்னத்தப் பொத்திட்டு வருது?" என்றார் கண்டக்டர்.

"பல்வலி அண்ணாச்சி" என்றாள் அம்மா, கூசாமல். கரிவலம்வந்தநல்லூர் வரும்வரை அவர் எனக்குக் கிராம்பு வைத்தியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

எட்டு மணிக்குக் கோயில். தோல் நோய் தீர இங்கே புற்றுமண் பூசிக்கொள்வார்கள். அம்மா என் கன்னத்தில் தாராளமாக அப்பிவிட்டு, மீதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பள்ளிக்கூடச் சுவர். எங்கள் ஊர்ச் சுவர்களில் சினிமாக்காரர்களும் சோப்பு அழகிகளும்தான் இருப்பார்கள். இங்கே ஊர் ஜனங்களையே ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார்கள்: தறி நெய்கிறவர், எலுமிச்சை மூட்டை சுமக்கிறவர், தபால்காரர். கடைசியில் ஒரு பூக்காரி. அவள் நெற்றியிலும் கன்னத்திலும் என்னுடையதைப் போலவே வெள்ளைத் திட்டுகள். கண்ணாடிக்கு வெளியே இப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. நின்றுவிட்டேன்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். தண்ணீர் விட்டுக் குழைத்து, சுவரில் இருந்தவளின் கன்னத்தில் பூசினாள். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ."

"ஏக்கா, கைய எடுங்க!"

எதிர்ச்சாரியிலிருந்து ஈரத்துணியோடு ஒருத்தி ஓடி வந்தாள். சுவரில் இருந்த அதே முகம். "தெனம் நாலு பேரு இப்படிப் பூசிட்டுப் போறாவ. தொடச்சுத் தொடச்சு எங் கைதான் வலிக்கி."

"நல்லதுக்குத்தானம்மா" என்றாள் அம்மா.

"நல்லதுதான்க்கா. ஆனா எனக்கு வேண்டாம். படம் வரஞ்ச அண்ணாச்சி மொத நாளு முகம் பூரா ஒரே கலரா அடிச்சு வச்சிருந்தாரு. இது யாருன்னு கேட்டேன். திட்டு இருக்க எடத்தையெல்லாம் சொரண்ட வச்சேன். அடியில சுண்ணாம்பு தெரியுதுல்லா, இப்பதான் அது நான்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ என்ன தாயி செய்யுத?"

"டீச்சர்" என்றேன். இன்னும் சேராத வேலைதான். ஆனாலும் வாய் அப்படித்தான் சொன்னது.

அவளிடம் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கினோம், முழம் நாற்பது பைசா. அம்மா அதை என் தலையில் வைத்துவிட்டாள்.

பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ். அதே கண்டக்டர். "பல்வலி தேவலையா?"

அம்மா என் முந்தானையைத் தன் கையாலேயே கன்னத்திலிருந்து இறக்கி, காய்ந்திருந்த மண்ணையும் துடைத்துவிட்டாள்.

"பல்வலியெல்லாம் இல்ல அண்ணாச்சி. எம்மவளுக்கு மொகத்துல திட்டு இருக்கு. திங்கக்கெழம சிவகிரிப் பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேருதா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்டக்டர் என்னை நேராகப் பார்த்தார்.

"சிவகிரியா? எம்மவன் அங்கனதான் மூணாப்பு படிக்கான். வாய் கொஞ்சம் நீளம். பாத்து ரெண்டு போட்டு வைங்க டீச்சர்."

என்னை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டவர் அவர்தான்.