செருப்பைக் கழற்றிய ஸ்டோர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் மழை ஒழுகாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான். கொம்பனி ஸ்டோர். வெள்ளைக்காரக் கொம்பனி கட்டியது. அரிசிக்கும் கருவாட்டுக்கும் கருங்கல் சுவர், ஆள் குடியிருக்கத் தகரக் கூரை லயம். அரிசி நனைந்தால் நட்டம், ஆள் நனைந்தால் வெறும் காய்ச்சல்தானே!

அரிசி வாங்கப் போகிறவர்கள் படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். பிறகு தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, ஸ்டோரில் உர மூட்டை அடுக்கினார்கள். தொண்ணூற்றிரண்டில் மறுபடி ஒரு கொம்பனி வந்தது, கதவுக்குப் பூட்டு விழுந்தது. சட்டம் போட்டவன் கப்பலேறி எத்தனையோ காலம். நாங்கள் மட்டும் பூட்டிய கதவுக்கு முன்னால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். கேட்டால், "பழக்கமுங்க" என்போம். நல்ல பழக்கம்!

சில வருஷம் கழித்து ஒரு மழையில் மண் சரிந்து, லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, பக்கத்துக் காம்பிரா அக்காவின் சுவர் விழுந்தது. பிள்ளைகளோடு எங்கள் காம்பிராவில் ஒண்டிக்கொண்டார். குடியிருக்க ஸ்டோரைக் கேட்கலாமென்று அக்காவும் நானும் தொழிற்சங்கத் தோட்டத் தலைவரும் ஆபீசுக்குப் போனோம்.

கொழும்பிலிருந்து வந்திருந்த புது மேனேஜர் தொரை பதறிப்போனார். "ஏக கோவிலக் நே? அது கோயில்தானே? எல்லாரும் செருப்பக் கழட்டித்தானே போறீங்க? கோயில்ல குடியிருக்கலாமா?" வெள்ளையடிக்கவும் சொல்லிவிட்டாராம். திருவிழா வைத்தால் தலைவருக்கே முதல் மாலையாம். தலைவர் வாயில் கொழுக்கட்டை.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "ஏன் தலைவரே, அது கோயில் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிப்போகுமா?"

"தொரையே கோயிலுங்கிறாரு. நல்லதுதானே தங்கச்சி?"

"சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. இங்க சாமியே இல்ல, பூசாரி மட்டும் வந்துட்டான்."

மறுநாள் விடிய, வேலை பிரிக்கிற பெரட்டுக்கு எல்லாரும் ஸ்டோர் முன்னால் நிற்கும்போது, அக்கா தலையில் சோற்றுப் பானையும் காலில் சேற்றுச் செருப்புமாக வந்தார். வெள்ளையடிக்க ஸ்டோர்க் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். விறுவிறுவென்று படியேறினார்.

"ஐயோ, செருப்பு!" என்றது கூட்டம். வெட்கக்கேட்டை எங்கே சொல்ல, என் காலும் தன்னால் செருப்பை உதறப் பார்த்தது.

"எந்தச் சாமி கோவிச்சுக்குதுன்னு பாப்போம்" என்றார் அக்கா. ஒரு சாமியும் கோவித்துக்கொள்ளவில்லை. உள்ளே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்.

தொரை ஜீப்பில் வந்தார். படியில் சேற்றுத் தடத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கோபப்பட்டால், உர ஸ்டோரைக் கோயிலென்று நம்பி வெள்ளையடிக்கச் சொன்னது கொழும்பு வரைக்கும் நாறும். ஒன்றும் நடக்காதவர் போல உள்ளே காலெடுத்து வைத்தார்.

"சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க தொரே" என்றார் அக்கா, உலையிலிருந்து கண்ணெடுக்காமல். "புள்ளைங்க சோறு திங்கிற எடம்."

தொரை குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.