வேலிக்கு இந்தப் பக்கம்

"வேலிக்கு உள்ளயா, வெளியயா?"

நிமிர்ந்து பார்க்குமுன்பே வெர்னா கேட்டுவிடுவாள். சிறார் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். ஜூலையிலும் ஸ்வெட்டர். மேசைக்கடியில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடி. ஒன்றை எடுத்துக் கடித்தாளானால், அது தீரும்வரை எதிரே நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதான்.

வேலி என்றால் ராணுவ முகாமின் வேலி. போன வசந்தம்வரை அதற்குள்ளே பிள்ளைகள் செய்த தப்பெல்லாம் மத்திய அரசின் பாடு. அங்கே சிறுவர் வழக்கை எடுத்து நடத்த யாருக்கும் ஆர்வமில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும். இப்போது மாநிலத்துக்கும் அதிகாரத்தில் பங்கு உண்டு. முகாம் பிள்ளைகளும் வெர்னாவின் ஜன்னலுக்கு வருகிறார்கள்.

"வரட்டும். அவுங்களும் இந்த பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும்."

"உனக்கு வயித்தெரிச்சல்டி" என்பாள் பக்கத்து மேசை ஃபிலிஸ்.

"ஆமா, எரியுது. உனக்கென்ன?"

ஒன்பது வருட எரிச்சல் அது. அவள் மகன் டுவேனும் ஒரு மேஜரின் மகனும் பந்தயம் கட்டினார்கள்: மேஜர் மகன் முகாமுக்குள் யார் காரையாவது திருடிக் கிளப்பிக்கொண்டு போக வேண்டும், டுவேன் ஊருக்குள். இருவரும் செய்தார்கள். அவனுக்குக் கடிதம். டுவேனுக்குச் சீர்திருத்தப் பள்ளியில் பதினான்கு மாதம். பிற்பாடு ராணுவத்தில் சேரப் போன டுவேனை, அந்தக் குற்றப் பதிவைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மேஜர் மகன் சீருடையில் நிற்கும் படம் இன்றும் சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. வெர்னா முடிவெட்டப் பக்கத்து ஊருக்குப் போகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை சார்ஜென்ட் ரெனாட்டா சீருடையோடு வந்து நின்றாள். அவளுடைய பதினான்கு வயது மகள் முகாம் பள்ளியின் குப்பைக் கொட்டகைக்குத் தீ வைத்தவள். ஆறு மாதம் மனநல ஆலோசனைக்குப் போகும்படி நீதிபதி சொல்லியிருந்தார். பெண் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைக்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இது இவ பேர்ல நின்னுடுமா?"

"செஞ்சது நிக்காம எங்க போவும்?"

"இவளும் பட்டாளத்துல சேரணும்னு ஆசப்படுறா, மேடம். யாரக் கேக்குறதுன்னே தெரியல."

ஃபிலிஸ் தட்டச்சை நிறுத்தினாள். சிறுவயதுக் குற்றப் பதிவை யாரும் பார்க்க முடியாதபடி மூடி முத்திரையிடக் கோரும் விண்ணப்பம் ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன்தான் வந்தது. அதற்குள் டுவேனுக்கு விண்ணப்பிக்கும் வயது தாண்டிவிட்டது.

வெர்னா வெள்ளரிக்காயைத் தின்று முடித்தாள். விரலைத் துடைத்தாள். கீழ் இழுப்பறையைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து, மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டாள்.

"இங்கல்லாம் கையெழுத்து. ஆறு மாசம் முடிஞ்ச மறுநாளே கொண்டாந்து குடு. ஒருநாளும் தள்ளாத."

ரெனாட்டா தாளை இழுத்தாள். வரவில்லை. மறுமுனையில் வெர்னாவின் கட்டைவிரல் அழுந்தியிருந்தது. இன்னொரு முறை மெல்ல இழுத்தபோதுதான் விரல் எழும்பியது.