சுவர் ஏறி வந்த சாமை உப்புமா

காக்கைக்குச் சோறு வைத்தால் புண்ணியம் என்பார்கள். நான் புண்ணியத்துக்காக ஆரம்பிக்கவில்லை. பக்கத்து வீட்டு உப்புமாவை யாருக்கும் தெரியாமல் ஒழிக்க வேண்டியிருந்தது. தெருநாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. காக்கைதான் சரிப்பட்டது.

கல்வராயன் மலைப் பள்ளிக்கூடங்களில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக் குடிவந்தபோது பக்கத்து மனையில் இன்னொருவரும் கட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு மதில். அதன்மேல் முழங்கையை ஊன்றிப் பேசிப் பேசியே நண்பர்களானோம். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. இருதயத்திலும் கோளாறு என்றார் டாக்டர். அவர் மனைவி பயந்துபோய் என்னிடம் யோசனை கேட்டார். வாத்தியாரிடம் யோசனை கேட்டால் சும்மா இருப்பானா?

"அரிசிய நிறுத்திட்டு சாமை குடுங்கம்மா" என்றேன். சொன்னதோடு விடவில்லை. மலையில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் சாமை விதைப்பவர்கள். அவர்களிடம் அரை மூட்டை வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து நண்பர் வாசலில் இறக்கினேன். பெருமையாக இருந்தது.

அந்த அம்மாள் தினமும் காலையில் சாமை உப்புமா கிண்ட ஆரம்பித்தார். எண்ணெய் கம்மி, உப்பு கம்மி, சட்டினி கிடையாது. பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு மதில்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே அவர் முகம் தெரிந்தது.

"வாத்தியாரே, இது நீங்க குடுத்த சாமை. நீங்களே வெச்சிக்குங்க."

"இன்னாங்க இது, அவங்க பாத்தா?"

"அவ சாமி ரூம்ல மணி அடிச்சிக்கினு இருக்கா. மணி நிக்கறதுக்குள்ள தட்டு வேணும். சீக்கிரம்."

என் மனைவியிடம் கொடுத்தால் விஷயம் ஐந்தே நிமிடத்தில் மதில் தாண்டிவிடும். அதனால் முருங்கை மரத்தடியில் கொட்டினேன். ஒட்டிக்கொண்டிருந்ததை உதிர்க்கத் தட்டை மதில் விளிம்பில் மூன்று தட்டு தட்டினேன். டங், டங், டங். இது தினசரி வழக்கமாயிற்று. ஒரே வாரத்தில் காக்கைகள் அந்தச் சத்தத்தைப் படித்துக்கொண்டன. என்னிடம் படித்த பிள்ளைகள் வாய்ப்பாட்டுக்கு எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் வந்தவை சாம்பல் கழுத்துக் காக்கைகள், நாலைந்து. ஒன்றுக்குக் கால் ஊனம். அது உப்புமாவைத் தின்னாது, கொண்டுபோய்ப் பூந்தொட்டிக்குள் புதைத்துவிட்டு எந்தத் தொட்டி என்று மறந்துபோகும். பிறகு ஒரு அண்டங்காக்கை வந்தது. முழுக் கறுப்பு, தடித்த மூக்கு. எப்போதும் தாமதமாக வரும். நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு நடக்கும். மற்றவை பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கும். நான் பார்த்த தலைமையாசிரியர்கள் எல்லாரும் வராந்தாவில் அப்படித்தான் நடப்பார்கள். எச்.எம். என்றே கூப்பிட ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்து எச்.எம். என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து கொத்திய அன்று, வேலை நிரந்தரமான நாளில்கூட வராத சந்தோஷம் எனக்கு வந்தது.

காலை உப்புமா காக்கைக்குப் போனால் அவர் எதைச் சாப்பிட்டார் என்று கேட்கலாம். மத்தியானம் சாமைச் சோற்றைக் குழம்போடு வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டார். சாயங்காலம் எங்களுக்கு நடைப்பயிற்சி இருந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், நடந்தோம். டீக்கடை வரைக்கும் நடந்தோம். அங்கே சர்க்கரை இல்லாத டீயும், ஆளுக்கு இரண்டு உளுந்து வடையும். "ஒருநாள்கூட வுடாம நடக்கறாரு, உங்க புண்ணியம்ணா" என்று அவர் மனைவி சொல்லும்போதெல்லாம் நான் முருங்கைப் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஓர் ஆடி வெள்ளிக்கு அந்த அம்மாள் சாமிக்கு வடை சுட்டார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. புருஷன் ஒன்று கேட்டதற்கு, கூடாது என்று தட்டை எடுத்துப்போய்விட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல உப்புமாத் தட்டு மதில்மேல் வந்தது. வாங்கிக்கொண்டேன். அதைக் கொட்டிவிட்டு நிமிர்வதற்குள் அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஓடினேன். கொல்லைப் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

தட்டு என்னிடமே தங்கிவிட்டது. எப்படித் திருப்பிக் கொடுப்பது? விளிம்பில் அவர் பெயர் வெட்டிய தட்டு அது, கல்யாணச் சீரில் வந்தது. பதினாறாம் நாள் படையலுக்கு அந்த அம்மாள் அதைத்தான் தேடினார். கிடைக்கவில்லை. துக்கத்துக்கு வந்திருந்த நாத்தனார்தான் பையில் போட்டுக்கொண்டார் என்று முடிவு செய்து, அதன்பிறகு அவரோடு பேச்சே இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் தட்டைக் கொடுத்தால் உப்புமாவைச் சொல்ல வேண்டும், உப்புமாவைச் சொன்னால் வடையைச் சொல்ல வேண்டும். பெயர் இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி தட்டைத் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டேன். காலையில் எங்கள் வீட்டுச் சோற்றைப் போட்டு மூன்று தட்டு தட்டுவேன். காக்கைகள் பெருகின.

தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. அமாவாசை அன்று எல்லாரும் மொட்டை மாடியில் நின்று கா, கா என்று தொண்டை கிழியக் கூப்பிட, ஊர்க் காக்கையெல்லாம் என் முருங்கையில் சாய்ந்துகொண்டிருக்கும். எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னா சார், எல்லாக் காக்காவும் உங்க வூட்லயே கெடக்குது. நாங்க எப்பதான் சோறு துன்றது?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்த அம்மாள் மதிலோரம் வந்து நின்றால் எனக்குச் சிரிப்பு வராது. வருடம் முழுக்க அவரிடம் ஒரே பேச்சுதான். "ஒரே ஒரு வடைதான கேட்டாரு. குடுக்காமயே அனுப்பிட்டேனே." நான் முருங்கைக்காய் பறிக்கத் தொடங்குவேன். பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொள்வேன்.

முதல் வருடத் திதி வந்தது. படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்தார்கள். பெரிய தலைவாழை இலையில் நடுநாயகமாக ஐந்து உளுந்து வடை. ஒரு பங்கைச் சின்ன இலையில் எடுத்துக்கொண்டு எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம். நாத்தனாரும் வந்திருந்தார், அண்ணன் திதி ஆயிற்றே. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு காக்கைகூட வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. அந்த அம்மாளின் மகன் செல்போனில் காக்கைச் சத்தம் போட்டுப் பார்த்தான். முருங்கையில் இருந்த கூட்டம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மறுபடி இறகு கோதத் தொடங்கியது. என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"காலைல இன்னா போட்டீங்க அதுங்களுக்கு?"

"நேத்து கல்யாண வரவேற்புல மிஞ்சுன பிரியாணி."

"எவ்ளோ?"

"கொஞ்சம் ஜாஸ்திதான்."

அவள் பார்த்த பார்வையை எழுத முடியாது. அந்த அம்மாளுக்கும் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டவர், காக்கை எடுக்காமல் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை நடுங்கியது. நெற்றியில் வேர்வை. மகன் கெஞ்சியும் கேட்கவில்லை.

"எம்மேல கோவம் அவருக்கு. வடைக்காகத்தான் வர்ல" என்றார்.

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. செத்தவர் காக்கையாக வருவார் என்று யாராவது சொன்னால் வாதாடுவேன். ஆனால் அந்தக் கை நடுக்கத்திடம் என்ன வாதாடுவது? காக்கைக்கு வயிறு நிறைந்தது என்னால். கூப்பிட வேண்டிய முறை தெரிந்தவனும் நான் ஒருவன்தான். படியிறங்கி என் தோட்டத்துக்கு வந்தேன். தட்டை எடுத்துக் கழுவினேன். மதில் விளிம்பில் மூன்று முறை தட்டினேன்.

முருங்கை முழுவதும் எழுந்தது. வயிறு நிறைந்திருந்தாலும் மணியடித்தால் வகுப்புக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதுபோல ஒவ்வொன்றாக மதில்மேல் வந்து உட்கார்ந்தன. நிமிர்ந்தால், மாடியிலிருந்து அந்த அம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகன் கையைப் பிடித்துக்கொண்டு இலையோடு இறங்கி மதிலோரம் வந்தார். நாத்தனாரும் பின்னாலேயே வந்தார்.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்ணா. தெனம் மணி அடிக்கறப்ப கேக்கும். கேட்டா, தட்டு கழுவறேன்னுவாரு. அவரு போன பின்னயும் கேட்டுது, உங்க வூட்டுத் தட்டுன்னு நெனச்சேன்" என்றார். என் கையிலிருந்து தட்டை வாங்கித் திருப்பினார். பெயரை விரலால் தடவினார்.

நாத்தனார் எட்டிப் பார்த்தார். "ஒரு வருசமா எம் மூஞ்சியப் பாக்காம கெடந்தா. தட்டு வாத்தியார் வூட்ல கீது."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாமையைச் சொன்னேன், மணியைச் சொன்னேன், எச்.எம்.மைச் சொன்னேன். கடைசியில் டீக்கடையைச் சொன்னேன்.

"வடையா?" என்றார். "மசால் வடையா, உளுந்து வடையா?"

"உளுந்து வடைம்மா. மசால் வடை அவருக்குப் பல்லுல மாட்டும்."

"ஆமா, மாட்டும்" என்றார் மெதுவாக. தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "அந்த வெள்ளிக்கெழம?"

"அன்னிக்கும் போனோம். வூட்ல குடுக்கலன்னு சொல்லி ரெண்டுக்கு மூணா சாப்புட்டாரு. சந்தோஷமாத்தான் இருந்தாரு." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வருடமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது அதற்குமேல் வெளியே வந்துவிட்டது. "அந்த வடைதான் அவரக் கொண்டுபோச்சோன்னு எனக்குத் தெரியலம்மா."

திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"நாப்பது வருசம் பீடி புடிச்ச மனுசன். டாக்டரே கெடு சொல்லிட்டாரு. மூணு வடை இன்னா பண்ணும்?" என்றவர், "மூணு துன்னாரா? நெசமாவா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

"நெசமா."

அழுதார். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. நாத்தனார் போய் அவர் முதுகைத் தடவினார். அந்த அம்மாள் இலையிலிருந்த வடைகளைத் தட்டில் மாற்றி மதில்மேல் வைத்து, தாமே விளிம்பில் மூன்று தட்டு தட்டினார். எச்.எம். தாமதமாக வந்தார். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். முழு வடையைக் கவ்விக்கொண்டு செல்போன் கோபுரம் பக்கமாகப் பறந்தார். அந்த அம்மாள் மதிலோரத்திலேயே உட்கார்ந்து, இலையில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு மதிலில் டங், டங், டங் என்று கேட்டது. போய்ப் பார்த்தால் அந்த அம்மாள். அதே தட்டு. ஆவி பறக்கச் சாமை உப்புமா. நல்ல மனசு என்று நினைத்து வாங்கிக்கொண்டு முருங்கைப் பக்கம் திரும்பினேன்.

"காக்காவுக்கு இல்லண்ணா. உங்களுக்கு."

"எனக்குச் சர்க்கரை இல்லியேம்மா."

"வரும். டீக்கடைல அவரு மட்டும் தனியாவா துன்னாரு?"

என் நண்பர் எப்போதும் முழங்கையை ஊன்றும் அதே இடத்தில் இவர் ஊன்றிக்கொண்டார். "துன்னுங்க. நான் நின்னு பாக்கறேன். அவரயும் இப்புடி நின்னு பாத்திருக்கணும்."

அரை மூட்டை சாமை சுமந்து கொண்டுவந்தவன் அதை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. முதல் வாய் எடுத்தேன். உமி கலந்த மணல் மாதிரி தொண்டையில் நின்றது. என் நண்பர் எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்பது அப்போதுதான் விளங்கியது. ஒன்பது நாள் இதைச் சாப்பிட்ட பிறகுதானே மதிலுக்கு வந்தார்.

எச்.எம். இறங்கி வந்து என் செருப்பருகே காத்திருந்தார். அந்த அம்மாள் கண்ணை எடுக்கவில்லை. நண்பர் பெயர் வெட்டிய விளிம்பில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையையும் வழித்துத் தின்றேன்.