எனக்குக் கேட்காத சத்தம்

குர்லாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு பல வருஷம் தாராவியில் தகரம் வெட்டும் பட்டறையில் வேலை.

செம்பூர்ப் பையன் ஒருவன் கிராபிக்ஸ் கார்டைத் திருப்பிக் கொண்டுவந்தான். "அண்ணே, கேம் போட்டா கொசு மாதிரி கீச்சுங்குது. மாத்திக் குடுங்க."

மாட்டி, கேம் ஓடவிட்டேன். காதை ஒட்டிவைத்தும் ஒன்றுமில்லை. இப்படிச் சொல்லி வந்த எத்தனையோ பேரைத் துரத்தியவன் நான். "சும்மா புளுகாதலே, அது ஃபேன் சத்தம்" என்று கத்தினேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி முகம் சுளித்தாள். "என்னங்க, இப்படிக் காதைக் குடையுது? உங்களுக்குக் கேக்கலியா?"

முறைத்துக்கொண்டு நின்ற பையனின் கோபம் சட்டென்று வடிந்தது. மாற்றிக் கொடுத்த கார்டை வாங்கிக்கொண்டு, செவிடனிடம் பேசுவதுபோல உரக்க, "தேங்க்ஸ் அண்ணே" என்றான்.

பட்டறை இரைச்சல் தின்றது போக மிச்சக் காதோடுதான் இத்தனை நாள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இப்போது யாரிடமும் சத்தம் இல்லை என்று சொல்வதில்லை. எனக்குக் கேட்கவில்லை என்கிறேன்.