ஓட்டமாவடியில் எனக்குச் சூடு போட்ட விதம்

எனக்குக் காலைத் தேநீர் தையல் மேசைக்கு அடியில்தான் வரும். ஓட்டமாவடியிலிருந்து பொலன்னறுவைக்குப் போகும் முதல் பஸ், கிளம்பும்போது ஒருமுறை 'டமார்' என்று வெடிக்கும். அடுத்த கணம் நான் மேசைக்கு அடியில் இருப்பேன். கடை முதலாளி மீராலெவ்வைக் காக்கா (இங்கே அண்ணனுக்குப் பெயர் காக்கா) ஒன்றும் கேட்காமல் குனிந்து, "தேத்தண்ணி, தம்பி" என்று கோப்பையை நீட்டுவார். பாதி சிந்தும். மீதியைக் குடிப்பேன். நம் திருநெல்வேலிப் பக்கமென்றால் ஊரே கூடிச் சிரித்திருக்கும். இங்கே வாடிக்கையாளர்களும் குனிந்தே அளவு சொல்கிறார்கள்.

முன்பு திருகோணமலைத் துறைமுகத்தில், உலக யுத்தத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் பக்கத்து மெஷின்காரர் நூல் கோத்துத் தரும்படி ஊசியை நீட்டினார். வாங்கினேன். ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்தது. ஊசி என் கையில் இருந்தது, அவர் இல்லை. அதற்குமேல் எழுத வரவில்லை. லாரி ஏறி இங்கே வந்து சேர்ந்தேன். ஊரிலிருந்து மனைவி எழுதுகிறாள்: "சுகமானதும் வந்துவிடுங்கள்." சுகம் என்று எழுதினால் கப்பல் ஏற வேண்டும். கப்பல் என்று எழுதும்போதே கை நடுங்குகிறது. நான் தைக்கும் சட்டை ஓரங்களெல்லாம் அலை அடிக்கின்றன.

சுகமாக்குவதில் இந்த ஊர் குறை வைக்கவில்லை. பள்ளிவாசல் லெவ்வை ஒருவர் தண்ணீர் ஓதித் தந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை பார்க்கும் அப்போதிக்கரி ஒரு கசப்பு மருந்து தந்து, மூன்று வேளையும் குடி, நடந்ததை நினைக்காதே என்றார். எதை நினைக்கக் கூடாது என்பதை மூன்று வேளையும் நினைத்தபடி குடித்தேன். ஆகாயத் தாக்குதல் பாதுகாப்புப் பழக்க வந்த உத்தியோகத்தரோ, பஸ் வெடித்ததும் நான் விழுந்ததைக் கண்டு பூரித்துப்போனார். "பாருங்க, இந்த ஊர்ல ஒழுங்காப் படுக்கிறவர் இவர் ஒருத்தர்தான்!" அரசாங்கத்தின் கணக்கில் நான் ஒருவனே சுகமாக இருந்தேன்.

இப்படியிருக்க, ஒரு மாலை காக்கா தம் மனைவியிடம் பேசியது காதில் விழுந்தது.

"நாளைக்கு வட்டையில சூடு போடணும். தையல்காரத் தம்பியையும் கூட்டிப்போறன். அவருக்கும் நல்லம்."

"ஓம், வேணாண்டாலும் விட்ராதீங்க."

நம் பக்கத்தில் பயந்தவனுக்குப் போடும் சூட்டை வாசகர்கள் அறிவீர்கள். என் பெரியப்பாவை நான்கு பேர் பிடித்துக்கொள்ள, பழுக்கக் காய்ச்சிய கம்பியை மணிக்கட்டில் வைத்தார்கள். அதன்பின் அவர் பழைய பயத்தை விட்டுக் கம்பிக்குப் பயந்தார்.

விடிந்ததும் மூட்டையுடன் பஸ்ஸுக்குப் போனேன். பஸ் வழக்கம்போல வெடித்தது. நானும் வழக்கம்போல, அங்கே உட்காரப் போட்டிருந்த ஒரு வாங்குப் பலகைக்கு அடியில் கிடந்தேன். தேடி வந்த காக்கா குனிந்தார்.

"எங்க தம்பி பொறப்பட்டீங்க?"

"சூடு வேண்டாம் மொதலாளி. என்னால தாங்க முடியாது."

காக்கா விழித்தார். "சூடு வேணாமா? சூடு போடாட்டி சோறு எப்பிடித் தம்பி திங்கிற?"

நாம் போர் என்று சொல்லும் கதிர்க்குவியலுக்கு இங்கே பெயர் சூடு. அதைச் சரித்து மாடு விட்டு மிதிப்பதுதான் சூடு போடுவது. அவர் சிரித்து முடிப்பதற்குள் வட்டை வந்துவிட்டது. வட்டை என்றால் வயல்வெளி. எருமைகளின் பின்னால் சுற்றிச் சுற்றி நடக்கும் வேலை தந்தார்கள். களத்தில் ஒரு சட்டம் உண்டு. நெல்லைப் 'பொலி' என்றும் எருமையை 'வாரிக்காலன்' என்றும்தான் சொல்லலாம். வழக்கமான பெயரைச் சொன்னால் பூதம் கேட்டுக்கொண்டு வந்துவிடுமாம்.

"குண்டுக்கு இங்க என்ன பேரு மொதலாளி?"

"அதுக்கு இஞ்ச பேரே இல்ல, தம்பி."

மாலையில் பக்கத்து வயலில் பன்றி விரட்ட வெடி வைத்தார்கள். நான் வைக்கோலில் குப்புற விழுந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு வாரிக்காலன் மிரண்டு ஓட, எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். காக்கா அதன் கழுத்தைத் தடவி, "ஒண்டுமில்ல மனே, ஒண்டுமில்ல" என்றார். யாரும் ஓதவில்லை, கசப்பு மருந்தும் ஊற்றவில்லை. நடுக்கம் நிற்கும்வரை அதன் பக்கத்தில் சும்மா நின்றார்கள். பிறகு அது நடந்தது. நானும் எழுந்து பின்னால் நடந்தேன்.

மறுநாள் மனைவிக்கு எழுதினேன்: "வட்டைக்குக் கூட்டிப்போய்ச் சூடு போட்டார்கள். கொஞ்சம் தேவலை." தபாலில் போட்ட பிறகுதான், எந்த ஊர்த் தமிழில் எழுதினேன் என்பது உறைத்தது.

பதிலை இன்று காலை பிரித்தேன். "பாவிகள்! எந்தக் கையில் போட்டார்கள்? ஆறிவிட்டதா? ஆறியதும் வந்துவிடுங்கள்." அந்த இடத்தில் பஸ் வெடித்தது. மீதியை மேசைக்கு அடியில் படித்தேன். காக்கா குனிந்தார்.

"கெதியாக் குடிங்க தம்பி, ஆறப்போகுது."

ஒரு கையில் கோப்பையும் மறு கையில் கடிதமுமாக உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணி ஒரு சொட்டும் சிந்தவில்லை. கடிதம் பிடித்த கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.