இரண்டு முதல் மூன்றரை வரை

அந்த வீட்டுக்குத் தங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். பெட்டியைக் கீழே வைக்க மாட்டார்கள், விளக்கைப் போட மாட்டார்கள். நேரே ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, எதிர்க் குன்றில் இருக்கும் அல்ஹம்ப்ரா கோட்டையைப் பார்ப்பார்கள். அவர்கள் ஊருக்குப் போன பிறகு கண்ணாடியில் ஒரு பிசுக்குத் தடம் மட்டும் இருக்கும். திரினி அதைப் பல வருஷங்களாகத் துடைத்து வருகிறாள். தடம் இருக்கும் உயரத்தை வைத்தே வந்தது குள்ளமா நெட்டையா என்று சொல்லிவிடுவாள். துடைக்கும்போது அவள் கண்ணாடியைத்தான் பார்ப்பாள், கோட்டையைப் பார்த்ததில்லை.

கிரனாடா நகரத்தின் பழைய மேட்டுப் பகுதியான அல்பைசினில் இருக்கும் அந்த வீட்டில்தான் அவள் பிறந்தாள். அப்போது முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே கழிப்பறை. வீட்டுக்காரன் விற்றபோது எல்லோரையும் வெளியேற்றினார்கள். திரினிக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை அதற்கு முன்பே விட்டிருந்தாள். அம்மாவின் மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி, கீழே சானா பேட்டை அடுக்குமாடிக்குப் போனாள். இப்போது அந்த வீடு வெளியூர்க்காரர்கள் தங்கும் நான்கு சின்ன வீடுகளாகப் பிரிந்திருக்கிறது. நான்கையும் சுத்தம் செய்வது அவள்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எங்கே வேலை என்று கேட்டால், "மேல, வீடுங்கள்ல" என்பாள்.

அவளுடைய அக்கா அங்குஸ்தியாஸ் அந்த வெளியேற்றத்துக்கு முன்பே ஊரை விட்டுப் போனவள். பத்தொன்பது வயதில் ரயிலேறி, கட்டலோனியாவில் சபதெல் என்ற ஊரில் நூற்பாலையில் சேர்ந்தாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரே மகள் மிரேயா. நான்கு வருஷத்துக்கு முன் அம்மா செத்தபோது அக்கா காலையில் வந்தாள். மண் போட்டு மூடிய கையோடு அன்று மாலை ரயிலில் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு திரினி தன் வீட்டுப் பின்கட்டு அறையில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, நல்ல மெத்தை ஒன்று வாங்கிப் போட்டாள். அக்கா அடுத்த முறை வந்தால் தன் கூரையின் கீழே தூங்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த மெத்தையில் இதுவரை யாரும் படுத்ததில்லை. அவள் புருஷன் எலோய் மத்தியானத் தூக்கத்துக்குக் கூட அங்கே போகக்கூடாது.

ஏப்ரல் மாதம் மிரேயாவிடமிருந்து போன் வந்தது.

"சித்தி! அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசாகுது. கிரனாடாவுக்குக் கூட்டிட்டு வரேன். மூணு நாள். எல்லாத்தையும் திட்டம் போட்டு முடிச்சிட்டேன்."

திரினி பின்கட்டு அறைப் பக்கம் திரும்பினாள். "ரூம் தயாரா இருக்குடி கண்ணு. நீ சோபாவில படுத்துக்கலாம், இல்லன்னா உங்க சித்தப்பாவ சோபாவுக்கு விரட்டிடலாம்."

"ஐயோ, வேண்டாம் சித்தி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வீட்டுச் சாவி கைக்கு வருது. அழகான வீடு, அல்ஹம்ப்ராவுக்கு நேர் எதிர்ல. சனிக்கிழமை காலையில கோட்டை. டிக்கெட்ல பேர் போட்டு வாங்கியாச்சு. உங்களுக்கு எடுக்கல, நீங்க நூறு தடவ பார்த்திருப்பீங்க. ரெண்டுல இருந்து மூணரை வரைக்கும் உங்க வீட்டுல சாப்பாடு. நாலு மணிக்கு அரபுக் குளியல்."

திரினி கோட்டைக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த ஊரில் பிறந்தவர்களில் பாதிப் பேர் போனதில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் போகலாமே என்று இருந்தே கிழவர்களாகிவிடுவார்கள். ஆனால் அவளைச் சுட்டது அது இல்லை.

"மூணரை வரைக்குமா?"

"அதுக்கு மேல தள்ள முடியாது சித்தி. குளியலுக்குப் பதிவு பண்ணியாச்சு."

போனை வைத்துவிட்டு அவள் சமையலறையில் நின்றாள். எலோய் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

"என்னம்மா, யாரு செத்தது?"

"நான்தான். ரெண்டுல இருந்து மூணரை வரைக்கும் பார்வைக்கு வெச்சிருக்காங்க."

"பரவால்லையே. வெளியூர்க்காரங்க கதீட்ரல் சர்ச்சுக்குக் கூட அவ்வளவு நேரம் ஒதுக்க மாட்டாங்க."

"சிரிக்காத எலோய். மூணரைக்கு நம்ம வீட்ல சட்டியே அடுப்பிலேர்ந்து இறங்காது. சாப்பிட்டு, காபி குடிச்சு, ஒருத்தர ஒருத்தர் திட்டி முடிக்கவே இருட்டிடும். இது அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. அவ அம்மாவுக்குத் தெரியாதா?"

சாயங்காலம் மிரேயா வாடகை வீட்டின் படங்களை அனுப்பினாள். திரினி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், கூரையில் நடுவில் கறுத்துப்போன உத்திரம். அம்மா விறகடுப்பு வைத்திருந்தது அதன் கீழேதான். அப்பாவைக் கிடத்தியிருந்ததும் அங்கேதான். படத்தில் விரித்திருந்த படுக்கையை விரித்தது அவளேதான்.

அவள் எலோயிடம்கூடச் சொல்லவில்லை. மிரேயா தெரியாமல் எடுத்திருக்கிறாள், அக்கா வந்து பார்த்ததும் கூசிப்போய் எழுந்து ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தேய்த்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குழாயில் முகம் தெரிந்தது. எதற்கு இவ்வளவு என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. பன்னிரண்டு மணிக்குச் சாவியை வாசல் சாவிப்பெட்டியில் போட்டுவிட்டு இறங்கினாள். அன்று முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். போன் வரவில்லை.

மறுநாள் சரியாக இரண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அங்குஸ்தியாஸ் தலைமுடியைக் கட்டையாக வெட்டிச் சாம்பல் நிறத்திலேயே விட்டிருந்தாள். கையில் பியோனோனோ இனிப்புப் பெட்டி. இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். திரினி ஆரஞ்சும் உப்பிட்ட மீனும் கலந்த சாலட்டை வைத்தாள். பிறகு பன்றித் தொடைக்கறி போட்ட மொச்சை. பூண்டு போட்டு வதக்கிய ஆட்டுக்குட்டிக் கறி இன்னும் அடுப்பிலேயே இருந்தது.

"எப்படிடி இருக்கு கோட்டை?" என்று எலோய் மிரேயாவைக் கேட்டான்.

"அற்புதம் சித்தப்பா. ஆனா தங்கியிருக்கிற வீடு அதவிட அற்புதம். அம்மாதான் தேர்ந்தெடுத்தாங்க. நான் வேற ஏதோ காட்டினேன், இதுதான் வேணும்னு ஒரே பிடிவாதம்."

திரினி கரண்டியைக் கீழே வைத்தாள். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல சுத்தம்" என்றாள் அங்குஸ்தியாஸ், தலையைத் தூக்காமல். "நம்ம காலத்துல அந்தத் தரை மண்ணா கெடந்தது. இப்ப முகம் பார்க்கலாம்."

அப்போது மிரேயாவின் போன் மணியடித்தது. மூன்று இருபது. "அம்மா, கிளம்பணும்."

"கறி இன்னும் வரல" என்றாள் திரினி.

"சித்தி, அடுத்த தடவ நிச்சயமா..."

"நீ போ மிரேயா" என்றாள் அங்குஸ்தியாஸ். "நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

மிரேயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். எலோய் காபிப் பாத்திரத்தோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"தெரிஞ்சேதான் எடுத்தியா?" என்றாள் திரினி.

"ஆமா."

"அந்தத் தரையில முகம் தெரியறதுக்கு யாரு காரணம் தெரியுமா? நான். அந்த நாலு வீட்டையும் நான்தான் கூட்டறேன். நேத்து உன் படுக்கைய விரிச்சது நான். உன் கக்கூஸக் கழுவினது நான்."

அங்குஸ்தியாஸின் முகம் வெளுத்தது. "எனக்கு எப்படித் தெரியும்? மேல, வீடுங்கள்லன்னுதானே சொன்ன."

"நீ எந்த வீடுன்னு கேட்டியா? ஒரு தடவ?"

"திரினி, நான் அட்டைப் பெட்டிய கயித்துல கட்டிட்டுப் போனவ. அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவையாவது காசு குடுத்துப் போகணும்னு இருந்தது. எவனும் என்ன வெளிய போன்னு சொல்ல முடியாதபடி."

"உன்ன எவன்டி வெளிய போன்னு சொன்னான்? நீயா போன! சொன்னது எங்ககிட்ட. அம்மா வாசல்ல உக்காந்துட்டு எழுந்திரிக்க மாட்டேன்னா. போலீஸ்காரன் கக்கத்துல கை குடுத்துத் தூக்கினான். நான் மெத்தைய தலையில வெச்சுக்கிட்டு நின்னேன். தெருவே பார்த்துச்சு. அன்னிக்கு நீ இல்ல. அம்மா படுக்கையில கெடந்தா, அன்னிக்கும் இல்ல. லீவு குடுக்கலன்ன. இப்ப மூணு நாள் லீவு கெடச்சுது, கோட்டை பார்க்க!"

"மாசா மாசம் பணம் அனுப்பினேனே, அது?"

"பணம் அவளத் திருப்பிப் படுக்க வெக்குமா?"

"நான் அங்க ராணியாட்டம் இருந்தேன்னு நெனைக்கிறியா? ஆலையில ஒரு காது போச்சு எனக்கு. உங்கிட்ட சொன்னேனா?"

"சொல்லல. நீ எதத்தான் சொன்ன? வரேன்னு சொன்னது கூட உன் பொண்ணு."

"உனக்குக் கோவம் பின்கட்டு ரூமுதான், அத நேராச் சொல்லேன்!"

"ஆமா, அதான்! நாலு வருஷமா அந்தப் படுக்கை காலியா கெடக்குது. ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி படுத்துட்டு மேல போய்த் தொலைய வேண்டியதுதானே!"

பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். திரினி பதிலுக்குச் செருப்பால் தட்டினாள். ஆட்டுக்கறி அடிப்பிடித்துப் புகைந்தது. இருவரும் சேர்ந்துதான் அதைத் தூக்கித் தொட்டியில் போட்டார்கள். பிறகு மறுபடி ஆரம்பித்தார்கள். தெருவிளக்கு போட்டபோது அங்குஸ்தியாஸ் மேலங்கியை மாட்டிக்கொண்டாள். பின்கட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இப்போ இங்க படுத்தா, உன் சத்தத்துக்குப் பயந்து படுத்த மாதிரி இருக்கும்."

"அப்ப போ."

அவள் போய்விட்டாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, திங்கட்கிழமை, திரினி மேலே போய்க் கதவைத் திறந்தாள். தரை துடைத்திருந்தது. குப்பைத் தொட்டி காலி. குழாய் மின்னியது. படுக்கை விரிப்புகள் மூலைக்கு மூலை சேர்த்து, நடுவில் ஒரு மடிப்பு, பிறகு மூன்றாக, அம்மா மடிக்கிற மாதிரி மடித்து மெத்தையின் மேல் வைத்திருந்தன. அவளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

யாராவது பார்த்திருந்தால் நன்றி என்று நினைத்திருப்பார்கள். திரினிக்கு அப்படித் தோன்றவில்லை. வந்து சாப்பிட்டுக் கத்திவிட்டுப் போனவள் இந்த வேலையையும் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுக்கை உதறிப் பிரித்தாள். விரிப்புகளைச் சுருட்டித் தரையில் எறிந்தாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து அந்தச் சுத்தமான தரையில் ஊற்றினாள். மூலை மூலையாக முட்டி போட்டுத் தேய்த்தாள். குழாயை மறுபடி பொடி போட்டு விளக்கினாள். மூன்று மணிக்கு அடுத்தவர்கள் பெட்டிச் சக்கரங்களை உருட்டிக்கொண்டு கல்தெருவில் ஏறி வந்தபோது அவள் இன்னும் ஈரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது அக்காவும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுகிறார்கள். அங்குஸ்தியாஸ் நல்ல காதில் போனை வைத்துக்கொள்கிறாள். பெரும்பாலும் யாராவது ஒருத்தி கோபத்தில் பாதியில் வைத்துவிடுகிறாள். செப்டம்பரில் மாதா ஊர்வலத்துக்கு வருவதாக அங்குஸ்தியாஸ் தானே சொல்லியிருக்கிறாள். எங்கே தங்குவது என்று அவள் சொல்லவில்லை. திரினியும் கேட்கவில்லை.