கொண்டெய்னர் ஓடாத வழி

புளோறன்ஸ் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் இருபத்தாறு வருடங்களாகப் பத்திரங்கள் தயாரிப்பவள். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுவது அவளுடைய வேலை. பெட்டிகளை அவள் பார்ப்பதில்லை. ஐம்பத்தோராவது வயதில், பொரளையில் ஒரு டொக்டர் அவளுடைய இரத்தச் சீனியைப் பார்த்துவிட்டு, தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார். இரண்டு கிழமை நடந்தாள். கொட்டாஞ்சேனையில் அரை மணித்தியாலம் நடந்தால் தெரிந்தவர்கள் பதினொரு பேரையாவது சந்திக்க வேண்டும். பதினொரு பேரும் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்ற பதில் எவருக்கும் போதவில்லை. மூன்றாம் கிழமை, சைக்கிள் வாங்கப் போவதாகக் கணவனிடம் சொன்னாள்.

ஹியூபேட் துறைமுகத்தில் கிறேன் ஓட்டுபவர். நாற்பது மீற்றர் உயரத்தில், காலுக்குக் கீழே கண்ணாடி போட்ட கூண்டுக்குள் இருந்து வேலை செய்பவர். சைக்கிள் என்றதும் அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"வேணாம்."

"ஏன்?"

"வேணாமெண்டா வேணாம்."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். ஹியூபேட்டின் தம்பி ஜொனாதன் பத்தொன்பது வயதில் கிராண்ட்பாஸ் சந்தியில் கொண்டெய்னர் லொறியில் அடிபட்டு இறந்தவன். அவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். அது இவர்களுடைய கலியாணத்துக்கு முதல் வருடம். அவனுடைய படம் ஹோலில் தொங்குகிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

அடுத்த நாள் புளோறன்ஸ் ஒரு வாக்குறுதியோடு வந்தாள். "கொண்டெய்னர் ஓடுற எந்த றோட்டிலயும் நான் சைக்கிள்ல ஏற மாட்டன். மாதா மேல சத்தியம்."

ஹியூபேட் நன்றாக யோசித்தார். வீட்டைச் சுற்றிக் கொண்டெய்னர் ஓடாத பெரிய றோட்டு ஒன்றுகூட இல்லை. ஆகவே இது சைக்கிள் இல்லை என்பதற்குச் சமம் என்று முடிவெடுத்து, "சரி" என்றார். வாக்கியங்களைக் கவனமாக வாசிப்பது அவருடைய தொழில் இல்லை.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் முர்ஷித்தின் சைக்கிள் கடை இருந்தது. புளோறன்ஸ் அங்கே போய், லொறி போகமுடியாத இடத்தில் ஓடக்கூடிய சைக்கிள் வேண்டும் என்றாள். பதினைந்து வருடம் சைக்கிள் விற்ற முர்ஷித்திடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"லொறி போகாத எடம் எண்டா? ஒழுங்கையா, மணலா, கிறவலா?"

"எல்லாம். கால்வாய்க் கரையும்."

முதலில் அவர் ஒரு ரேஸ் சைக்கிளைக் காட்டினார். ரயர் அவளுடைய பெருவிரல் அளவுக்குத்தான் இருந்தது. மணலில் என்ன நடக்கும் என்று கேட்டாள். "மணல்ல போகாது மெடம்" என்றார். அடுத்தது மலையில் ஓடுகிற சைக்கிள். முன்னால் ஸ்பிரிங் வைத்தது. அவள் அதைத் தூக்கிப் பார்த்து உடனே கீழே வைத்தாள். அவளுடைய மேல்மாடி வீட்டுக்குப் பதினெட்டுப் படி.

"அப்ப உங்களுக்கு இதுதான்" என்று முர்ஷித் மூன்றாவதை உருட்டிக்கொண்டு வந்தார். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹாண்டில். நாற்பது மில்லிமீற்றர் ரயர். தண்ணீரிலும் பிடிக்கும் டிஸ்க் பிறேக். "இதுக்குப் பேர் கிறவல் பைக்."

புளோறன்ஸுக்குக் கிறவல் தெரியும். கிறவல் என்றால் றோட்டுப் போடக் கொட்டுகிற சிவப்புக் கல். போன வருடம்தான் அந்தப் பெயரில் வந்த ஒரு பெட்டிக்கு அவள் பத்திரம் எழுதியிருந்தாள். இது சைக்கிளா கல்லா என்று ஒரு சுங்க உத்தியோகத்தர் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டார். சைக்கிள் என்று உறுதியாகச் சொன்னவள் அவள்தான். இப்போதுதான் முதன்முதலாக ஒன்றைக் கண்ணால் பார்க்கிறாள்.

அவள் ஐந்தடி. கடையில் இருந்த இரண்டில் சின்ன பிறேமின் மேல் காலைப் போட்டு நின்றாள். இரண்டு பாதமும் நிலத்தில் பதிந்தன. பிறகு ரயில் பாதையோரம் மணலும் கல்லும் கலந்து கிடந்த இடத்தில் ஓடிப் பார்த்தாள். பல்லெல்லாம் ஆடியது. முர்ஷித் ரயரில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டார்.

"காத்துப் போனா எப்பிடி ஓடுறது?"

"ஓடிப் பாருங்க."

ஓடினாள். ரயர் கற்களைத் தள்ளாமல் அவற்றின்மேல் ஏறி இறங்கியது. பல் ஆடவில்லை. திரும்பி வந்து, இதை எடுக்கிறேன் என்றாள். சீற்றை ஓர் அங்குலம் உயர்த்தித் தரும்படியும் கேட்டாள்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கொண்டெய்னர் ஓடும் றோட்டைத் தொடாமல் வரமுடியாது. அதனால் வீட்டுக்கு வழக்கமாக ஓட்டோ ஓட்டும் ஜிந்துப்பிட்டி ஜனாவின் திரீவீலில், சைக்கிளின் முன்சில்லைக் கழற்றி, அதைப் பக்கத்தில் இருத்திக் கொண்டுவந்தாள். ஹியூபேட் படியிலே நின்று பார்த்தார்.

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் அவள் புறப்படுவாள். ஒழுங்கைகளுக்குள் ஓடுவாள். லொறிகள் போகும் றோட்டு வந்தால் இறங்கி உருட்டுவாள். களனி ஆற்றுப் பாலத்திலும் அப்படித்தான். பாலத்தில் தலைக்கவசத்தோடு சைக்கிளை உருட்டும் பெண்ணைப் பார்த்துப் பலர் காற்றுப் போய்விட்டதா என்று சிங்களத்தில் கேட்டார்கள். இல்லை, சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். ஹெந்தளையில், நீர்கொழும்புக்குப் போகும் கால்வாயின் கரை தொடங்கும். கொஞ்சத் தூரம் கல் பதித்த பாதை, பிறகு கிறவல், பிறகு மணல். கிறவலில் பிறேக்கை மெதுவாகப் பிடிக்கவும், மணலில் கியரைக் குறைத்து நிறுத்தாமல் மிதிக்கவும் பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள். இரண்டும் மணலில்.

ஐந்தாவது ஞாயிறு. முதல்நாள் மழை பெய்திருந்தது. கிறவல் முடிந்து பாதை ஒடுங்குகிற இடத்தைத் தாண்டிக் கால் மைல் போயிருப்பாள். பின்னால் ஓர் எஞ்சின் வீரிடும் சத்தம் கேட்டது. அதற்கு மேலாக யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள். குரல் தெரிந்த குரல். அவள் சைக்கிளைத் திருப்பினாள்.

ஜனாவின் திரீவீல் ஒரு பக்கச் சில்லு சேற்றில் புதைந்து கால்வாயை நோக்கிச் சாய்ந்து நின்றது. ஜனா முழங்கால் வரை சேற்றில் நின்றான். ஹியூபேட் உள்ளே, சாயாத பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

"நீங்க எங்க இங்க?"

"சும்மா காத்து வாங்க வந்தனான்."

ஜனா பொய் சொல்லத் தெரியாதவன். "நாலு கிழமையா உங்களுக்குப் பின்னால வாறம் அக்கா. பாலத்தோட திரும்பிருவம். இண்டைக்குத்தான் அண்ணன் உள்ளுக்கு விடு எண்டார்."

புளோறன்ஸ் கணவனைப் பார்த்தாள். "முதல்ல இறங்குங்க. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்."

அவர் இறங்கவில்லை. தினமும் நாற்பது மீற்றருக்கு மேலே ஏறுகிற மனிதர், நாலடி ஆழத் தண்ணீருக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தார். அவள் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு வந்து அவருடைய கையைப் பிடித்தாள். மெல்ல இறக்கிக் கரையில் இருத்தினாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் வந்தார்கள். அவர்களும் ஜனாவும் கயிறு கட்டி இழுக்கத் தொடங்கினார்கள்.

ஹியூபேட் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குச் சைக்கிள் வாங்கிக் குடுத்தது நான்தான்" என்றார். "என்ர முதல் சம்பளத்தில. வேணாமெண்டு சொன்னவன். பஸ்ஸில போறன் எண்டு சொன்னவன். நான்தான் பஸ்ஸுக்கு நிண்டு மினக்கெடாத எண்டு வாங்கிக் குடுத்தன்."

இருபத்தாறு வருடங்களாக அந்த வீட்டில் இருக்கிறவளுக்கு அது தெரியாது. ஆறுதல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் பக்கத்திலே சேற்றில் உட்கார்ந்தாள். வெள்ளைக் காற்சட்டை. அது பிறகு ஒருபோதும் வெள்ளையாகவில்லை.

"நான் நிப்பாட்டட்டா?" என்று கேட்டாள். கேட்டபோது உண்மையாகவே கேட்டாள்.

திரீவீல் சத்தத்தோடு மேலே வந்தது.

"வேணாம்" என்றார். "ஆனா ஒவ்வொரு பாலத்திலயும் போன் எடு."

அந்தக் கால்வாய்க்கு மேலே எத்தனை பாலம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவள் எடுக்கிறாள். "பாலம்" என்பாள். "ஓம்" என்பார். வைத்துவிடுவார்கள். ஆகஸ்டில் அவள் நீர்கொழும்பு வரை போனாள். மூன்றே முக்கால் மணித்தியாலம், ஒரு பஞ்சர், பதினாலு அழைப்பு. ஐந்தாவது அழைப்பில் ஹியூபேட் வழமைக்கு மாறாக, மழை வருமா என்று கேட்டார். வராது என்றாள். ஒன்பதாவதில், ஜொனாதனுக்குக் கடலை வடை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லத் தொடங்கினார். அவள் ஒரு தென்னையின் கீழே சைக்கிளை நிறுத்தி, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு ஏறி மிதித்தாள்.